பாலைவனத்தில் வயல் எப்படி உண்டாகிறது, எப்படி உப்பாகிறது

மணலியிலும் எண்ணூரிலும் கார்த்திகை பிறந்தால் வெள்ளத்தைப் பற்றித்தான் பேச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பங்களில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. அதைக் கண்ணால் கண்டவர்களிடம், வெள்ளம் வராவிட்டால் பட்டினி என்று ஐயாயிரம் ஆண்டுகள் ஆற்றைப் பார்த்தபடியே வாழ்ந்த மக்களைப் பற்றிச் சொன்னால் நம்புவது கடினம். ஆனால் உலகின் மிகப் பழைய விளைநிலங்கள் பல பாலைவனத்துக்கு நடுவில் உண்டானவை. அவற்றை உண்டாக்கியது வெள்ளம். அந்த நிலங்களில் சில பிற்பாடு உப்புப் பூத்துக் கைவிடப்பட்டன. அதற்கும் தண்ணீரே காரணம். ஒன்று வாழ்ந்ததற்கும் மற்றொன்று கெட்டதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் போனால், வந்த தண்ணீர் வடிந்ததா, தங்கிவிட்டதா என்ற இடத்தில் போய் நிற்கிறோம். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான கேள்வி இல்லை.

ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெய்யும் பகுதியைப் பாலைவனம் என்று புவியியலார் வகைப்படுத்துகிறார்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி 1,400 மி.மீ. அளவு. எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 25 மி.மீ.; ராயபுரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்தால் ஒரு மாலைக்குள் அந்த அளவைத் தாண்டிவிடும். தெற்கே அஸ்வானில் துளி மழை இல்லாமலே ஆண்டுகள் கழியும். அப்படிப்பட்ட நாட்டில் கோதுமையும் பார்லியும் விளைந்து, தின்றது போக மிச்சம் கிடங்குகளில் சேர்ந்து, அந்தத் தானியத்தைக் கூலியாகக் கொடுத்துப் பிரமிடு கட்டினார்கள். எகிப்தின் நிலப்பரப்பில் மக்கள் குடியிருப்பதும் பயிர் செய்வதும் ஏறக்குறைய 5 சதவீதத்தில் மட்டுமே. மற்றதெல்லாம் மணலும் பாறையும்.

இந்த வயல்களின் மண் எகிப்துக்குச் சொந்தமானதல்ல. நைல் நதிக்குத் தண்ணீர் தருவது இரண்டு பக்கம். வெள்ளை நைல் நடு ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருகிறது. நீல நைலும் அத்பரா ஆறும் எத்தியோப்பிய மலைநாட்டிலிருந்து வருகின்றன. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. எகிப்தைச் சேரும் தண்ணீரில் சுமார் 85 சதவீதம் அந்த மலைநாட்டில் விழும் மழைதான். அந்த மலைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கருங்கல் மலைகள். மழை அவற்றின் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அணைகள் வருவதற்கு முன் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கும் மேலான வண்டல் இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து வந்தது. குடகில் பெய்யும் மழையை நம்பித் தஞ்சாவூரில் நாற்று விடும் நமக்கு இந்த ஏற்பாடு புரியாததல்ல. நம்மிடம் குறைந்தபட்சம் வடகிழக்குப் பருவமழை என்று இன்னொரு கை உண்டு; அவர்களுக்கு அதுவும் இல்லை.

கரை புரண்ட ஆறு தான் சுமந்து வந்ததை ஒரே சீராகக் கொட்டுவதில்லை. கரையைத் தாண்டிய உடனே வேகம் குறைகிறது. கனமான மணலும் பருவண்டலும் அங்கேயே விழுகின்றன. அதனால் ஆற்றோரம் மெல்ல மெல்ல மேடாகிறது. மெல்லிய களி இன்னும் உள்ளே போய்த் தாழ்வான இடங்களில் அமைதியாகப் படிகிறது. ஆற்றோர மேட்டில் ஊர், பேரீச்சை, காய்கறி. உட்புறத் தாழ்வில் தானிய வயல். யாரும் திட்டமிட்டுப் பிரித்ததல்ல இது. வெள்ளம் சலித்துப் போட்ட வரிசை. நைல் சமவெளியில் ஓர் ஆண்டில் படியும் வண்டல் தோராயமாக ஒரு மில்லிமீட்டர். ஒரு விவசாயி தன் வாழ்நாளில் கவனித்தாலும் கண்ணுக்குப் படாது. மூவாயிரம் ஆண்டு சேர்ந்தால் மூன்று மீட்டர்.

எகிப்தியர் இந்த வெள்ளத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சமவெளியைக் குறுக்கும் நெடுக்குமாக மண் கரைகளால் தடுத்துப் பெரும் பாத்திகளாக்கினார்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கும். ஆவணி, புரட்டாசியில் ஆறு உயர்ந்ததும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். நாற்பது நாளுக்குக் குறையாமல் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். வண்டல் அடியில் படியும். மண் ஆழம் வரை நனையும். பிறகு ஆறு இறங்கத் தொடங்கியதும் கரையை வெட்டி, தெளிந்த நீரை அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ திருப்பி விடுவார்கள். ஈரச் சேற்றில் விதையைத் தூவி, ஆடுமாடுகளை விட்டு மிதிக்கச் செய்தால் விதைப்பு முடிந்தது. அதன் பிறகு ஒரு நனைப்புகூடத் தேவையில்லை. மண்ணுக்குள் தங்கிய ஈரமே பங்குனி, சித்திரை அறுவடை வரை தாங்கும்.

அறுவடைக்குப் பிறகு நிலம் வெறுமனே காயும். கோடை வெயிலில் களி மண் பாளம் பாளமாக வெடிக்கும். பார்க்கிறவர்களுக்கு நிலம் பாழாகக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகிறது. அடுத்த வெள்ளம் அதே வெடிப்பு வழியாக இறங்கி உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது. வெள்ளம் இல்லாத மாதங்களில் நைலின் நீர்மட்டம் வயலைவிடப் பல மீட்டர் தாழ்ந்து ஓடியது. ஆகவே வயலுக்கு அடியில் இறங்கிய தண்ணீர், உப்போடு சேர்ந்து, தானாகவே ஆற்றுக்குள் கசிந்து கடலுக்குப் போய்விட்டது. யாரும் வெட்டாத வடிகால் அது. ஐயாயிரம் ஆண்டு பயிர் செய்தும் எகிப்து உப்பாகாமல் இருந்ததற்கு வண்டலின் வளத்தைக் காரணமாகச் சொல்வார்கள். என் பார்வையில் பாதிப் பெருமை இந்த வடிகாலுக்குச் சேர வேண்டும்.

வெள்ளத்தின் உயரம் வரியாகவும் மாறியது. கெய்ரோவில் ரோதா தீவில், 861-ஆம் ஆண்டு அப்பாசியக் கலீபா ஆட்சியில் கட்டிய நீர்மானி இன்றும் இருக்கிறது: ஆழமான ஒரு கிணறு, நடுவில் எண்கோணப் பளிங்குத் தூண், தூணில் முழ அளவுகள், ஆற்றிலிருந்து தண்ணீர் உள்ளே வரச் சுரங்க வழி. பதினாறு முழம் ஏறினால் நாட்டுக்கு நிம்மதி. அதற்குக் குறைந்தால் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது, பஞ்சம். மிக அதிகமாக ஏறினால் கரை உடையும், விதைப்புக் காலம் தவறும். ஏறத்தாழ 622-ஆம் ஆண்டிலிருந்தே கெய்ரோ வெள்ளக் குறிப்புகள் கிடைக்கின்றன. மனிதர் தொடர்ந்து எழுதி வைத்த பருவநிலைப் பதிவுகளில் இவ்வளவு நீண்டது வேறு அரிது.

அந்தப் பதிவுகளில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் எகிப்தின் வானத்தில் இல்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

நம் திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை. சகாராவின் வரலாறு இதற்கு அப்படியே பொருந்துகிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாராவின் பெரும்பகுதி புல்வெளி. ஏரிகள் இருந்தன, சாட் ஏரி ஒரு காலத்தில் காஸ்பியன் கடலுக்கு நிகராகப் பரந்திருந்தது. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலைப்பாறைகளில் மாட்டு மந்தைகளை வரைந்திருக்கிறார்கள். லிபிய எல்லையை ஒட்டிய கில்ஃப் கெபீர் குகையில் நீந்துவது போன்ற மனித உருவங்கள் உள்ளன. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர் இல்லை.

காரணம் பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவது. சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமல்ல. ஆண்டில் ஒரு சமயம் பூமி சூரியனுக்கு நெருக்கமாகப் போகிறது. இப்போது அது ஜனவரி தொடக்கத்தில் நேர்கிறது. பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வட பாதியின் கோடைகாலத்தில் நேர்ந்தது. அதனால் கோடை வெயில் கடுமையாகி, நிலம் அதிகமாகச் சூடேறி, கடலிலிருந்து வரும் பருவக்காற்று இன்னும் உள்ளே வரை இழுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் மட்டுமல்ல, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் அந்தக் காலத்தில் இன்றைவிட வலுவாக இருந்தது. இந்தச் சுற்று ஒன்று முடிய 20,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. நெருக்கம் கோடையிலிருந்து நகர நகர மழை தெற்கே பின்வாங்கியது. புல்வெளி கருகியது. நைலில் வந்து சேர்ந்த வாடி ஹவார் போன்ற கிளையாறுகள் மணலில் மறைந்தன. மாடு மேய்த்தவர்கள் தண்ணீர் இருந்த ஒரே இடமான நைல் பள்ளத்தாக்கில் வந்து ஒதுங்கினார்கள். அதுவரை சதுப்பாக இருந்த பள்ளத்தாக்கும், ஆற்றின் நீர் குறைந்ததால் உழவுக்குத் தோதானது. கி.மு. 3100 வாக்கில் அங்கே ஓர் அரசு எழுந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆக, பாலைவனம் விரிந்ததும் அதன் நடுவே வயல் பிறந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

இது ஆயிரம் ஆண்டுக் கணக்கு. பத்து ஆண்டுக் கணக்கில் ஆற்றை ஆட்டிவைப்பது எல் நினோ. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில் எத்தியோப்பிய மழையும் இந்தியத் தென்மேற்குப் பருவமழையும் பெரும்பாலும் ஒன்றாகவே தளர்கின்றன. 1877-ல் மிகக் கடுமையான எல் நினோ. அந்த ஆண்டு நைல் வெள்ளம் மிகத் தாழ்ந்து, எகிப்தில் ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. அதே சமயம் இங்கே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரண வேலையாகக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டுக் கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். வடக்கே எண்ணூர் வரை ஏற்கெனவே இருந்த கால்வாயோடு அதுவும் சேர்ந்து, அப்போதைய ஆளுநரின் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. தண்டையார்பேட்டை வழியாகப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் அந்தக் கால்வாய்க்கும், நைல் கரையில் நனையாமல் போன வயலுக்கும் பின்னால் இருந்தது ஒரே கடலின் சூடு. பாலைவன உழவனின் விதியை எங்கோ தொலைவிலுள்ள வானம் எழுதுகிறது என்று சொன்னால் அதில் நாமும் அடக்கம்.

இனி உப்புக்கு வருவோம். மழை நீரைத் தவிர எந்தத் தண்ணீரிலும் கரைந்த உப்பு உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகக் குடிக்கலாம், நாக்குக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரை ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு ஏக்கர் வயலில் பாய்ச்சினால் சுமார் நாற்பது லட்சம் லிட்டர். கணக்குப் போட்டால் 1.2 டன் உப்பு வயலுக்குள் வந்துவிட்டது. பாலைவன வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. பயிரும் பெரும்பாலான உப்பை வேருக்கு வெளியிலேயே விட்டுவிடும். மழை பெய்யும் ஊரில் அடைமழை அதைக் கழுவிக்கொண்டு போகும். பாலைவனத்தில் கழுவ ஆள் இல்லை. பத்து ஆண்டில் பன்னிரண்டு டன்.

இன்னொரு வழியாகவும் உப்பு வரும். அடிக்கடி பாய்ச்சி, வடிகால் இல்லாமல் விட்டால் நிலத்தடி நீர்மட்டம் ஏறுகிறது. அது தரைக்குக் கீழே இரண்டு மீட்டர் வரை வந்துவிட்டால் போதும், மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே நீர் தானாக மேலேறும். மேலே வந்து ஆவியாகும், உப்பு தங்கும். மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கத்தில் பழைய வீடுகளின் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். சுவரில் நடப்பதே வயலிலும் நடக்கிறது. முதலில் பயிர் அங்கங்கே குட்டையாகும். பிறகு சொட்டை விழும். கடைசியில் வெயிலில் கண் கூசும் களர்.

இராக்கின் தெற்கில், யூப்ரடீஸ் - டைக்ரிஸ் ஆறுகளுக்கு நடுவே நடந்தது இதுதான். நைலோடு ஒப்பிட்டால் அந்த ஆறுகளிடம் மூன்று வில்லங்கம். அவை துருக்கி மலைகளின் பனி உருகிச் சித்திரையில் பெருகுகின்றன. கார்காலத்தில் விதைத்த பார்லி அப்போது கதிர் முற்றி நிற்கும். வேண்டியபோது வராமல், வேண்டாதபோது வரும் வெள்ளம். அடுத்து, தரை மிகவும் சமம்: பாக்தாத் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வளைகுடா 500 கிலோமீட்டருக்கு மேல். வடிவதற்குச் சரிவே இல்லை. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: ஆற்றுப் படுகை வண்டலால் உயர்ந்து உயர்ந்து, ஆறே வயலுக்கு மேல்மட்டத்தில் ஓடுகிறது. வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச வசதி. ஆனால் பாய்ச்சிய தண்ணீர் திரும்பி ஆற்றுக்குப் போக வழியில்லை. அவ்வப்போது ஆறு கரையை உடைத்துப் புதுத் தடம் பிடிக்கும். பழைய தடத்தில் இருந்த நகரம் தண்ணீரின்றிச் சாகும். உர், உருக் போன்ற நகரங்களின் மேடுகள் இன்று ஆற்றைவிட்டு விலகி வெறும் பொட்டலில் நிற்பது அதனால்.

1958-ல் தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் களிமண் பலகைக் கணக்குகளை வைத்து ஒரு முடிவைச் சொன்னார்கள்: கி.மு. 2400-க்கும் 1700-க்கும் இடையில் தென் மெசபடோமியாவில் கோதுமை குறைந்து குறைந்து மறைந்தது; உப்பைத் தாங்கும் பார்லி அதன் இடத்தைப் பிடித்தது; பிறகு பார்லியின் விளைச்சலும் சரிந்தது. அந்தக் கணக்குகளைப் படித்த விதம் சரியல்ல என்று பின்னால் சிலர் மறுத்தார்கள். நகரங்கள் வீழ்ந்ததற்கு உப்பு ஒன்றே காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். போரும் அரசியலும் இருந்தன. ஆனால் அந்த மண்ணில் இன்றும் உப்பு கிடக்கிறது. அங்கத்திய உழவர்கள் ஓராண்டு பயிர், ஓராண்டு தரிசு என்று வைத்திருந்த முறையும் அதை உணர்ந்து செய்ததே. தரிசு ஆண்டில் நம் வன்னி மரத்துக்கு உறவான ஒரு முட்செடியும் ஒட்டகமுள்ளும் வயலெங்கும் முளைக்கும். அவற்றின் ஆழமான வேர்கள் அடிமண் ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கிவிடும். களைதான் வடிகால். வரி வேண்டும் என்று அரசு நெருக்கித் தரிசைக் கைவிடச் செய்தபோதெல்லாம் நிலம் வேகமாகக் கெட்டது.

இந்தியப் பாலைவனத்திலேயே இதற்கு அழகான ஒரு தீர்வு இருக்கிறது. ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டு மழை 200 மி.மீ. அளவு, வற்றாத ஆறு எதுவும் இல்லை. அங்கே 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலிவால் சமூகத்தார் பரப்பிய அமைப்பு கடீன். பாறைச் சரிவின் அடிவாரத்தில் குறுக்கே ஒரு மண் கரை. வயலைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு பரப்புள்ள சரிவில் விழும் மழை, மெல்லிய மண்ணை வழித்துக்கொண்டு வந்து கரைக்குப் பின்னால் தேங்கும். மிஞ்சினால் வழிய ஒரு கலங்கல். கரையின் அடியில் ஒரு மதகு. ஐப்பசி, கார்த்திகையில் மதகைத் திறந்து மிச்ச நீரை வடித்துவிட்டு, ஈரச் சேற்றில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஏரி கட்டத் தெரிந்த நமக்கு இதில் புதிது ஒன்றுதான்: ஏரிக்குக் கீழே வயல் வைப்பதற்குப் பதிலாக, ஏரியையே வடித்து வயலாக்குவது. கரைக்கு அடியால் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். அது உப்பைக் கொண்டுபோய்விடும். கசியும் இடத்தில் கிணறு வெட்டி அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்வார்கள். நைல் பாத்தியின் அதே தருக்கம், ஆறே இல்லாத ஊரில்.

இந்தத் தருக்கத்தை நவீன அணைகள் எங்கே மாற்றின என்று பார்க்க, மறுபடி அஸ்வானுக்குப் போக வேண்டும். அங்கே முதல் அணையை வடிவமைத்த வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் படித்த பொறியாளர். 1902-ல் முடிந்த அந்த அணையில் 180 மதகுகள். கலங்கிய வெள்ளம் வரும் மாதங்களில் அத்தனையையும் திறந்து வண்டலைப் போகவிட்டு, கடைசியில் வரும் தெளிந்த நீரை மட்டும் தேக்குவது திட்டம். அப்படியும், ஆண்டு முழுவதும் பாய்ச்சும் முறை வந்த பிறகு எகிப்து வயல்களில் நீர்மட்டம் ஏறியதைக் கண்டு, பழைய பாத்தி முறையைப் புகழ்ந்து பேசுபவராகவே அவர் பிற்காலத்தில் மாறினார். 1928-ல் கல்கத்தாவில் ஆற்றிய உரைகளில் வங்காளத்தின் பழைய வெள்ளப் பாசனத்தை மீட்க வேண்டும் என்று வாதாடினார்.

அதே அஸ்வானில் 1970-ல் முடிந்த உயர் அணை அத்தகையதல்ல. வெள்ளம் முழுவதையும் பிடித்து நிறுத்தியது. வண்டல் அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியின் அடியில் போய்ச் சேர்ந்தது. அந்த அணையைக் குறைகூறுவது எளிது, ஆனால் நியாயமாகப் பேச வேண்டும்: 1980-களின் நடுவில் எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் வந்தபோது எகிப்து பட்டினி கிடக்காமல் தப்பியது அந்த ஏரித் தண்ணீரால். ஆண்டுக்கு ஒரு போகம் என்பது இரண்டு, மூன்று போகமானது. விலையும் இருந்தது. அந்த ஏரியிலிருந்து ஆவியாகப் போகும் நீர் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி கன மீட்டர். நம் கணக்கில் 350 டி.எம்.சி. முழுக் கொள்ளளவுக்கு நிரம்பிய புழல் ஏரி 3.3 டி.எம்.சி. நூறு புழல் ஏரிகளுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் வானத்துக்குப் போகிறது. வண்டல் போனதால் உரம் வாங்க வேண்டியதாயிற்று. வெள்ளம் கழுவுவது நின்றதால் உப்பு ஏறத் தொடங்கி, 1970-களிலிருந்து பல லட்சம் ஏக்கர் வயல்களுக்கு அடியில் துளையிட்ட வடிகால் குழாய்களைப் புதைத்தார்கள். ஆறு இலவசமாகச் செய்துகொடுத்த வேலை அது. டெல்டாவின் கடல் முனையும் தேய்ந்தது. ராஷித் முனையில் சில காலம் ஆண்டுக்கு நூறு மீட்டர் வரை கரை உள்வாங்கியது. துறைமுகச் சுவர் மணலின் போக்கைத் தடுத்த பிறகு ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடற்கரை எப்படி அரிக்கப்பட்டது என்பதை அறிந்த நமக்கு, வர வேண்டிய மண் வராவிட்டால் கரை என்னவாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது எத்தியோப்பியா நீல நைலிலேயே பேரணை கட்டி 2025 செப்டம்பரில் திறந்திருக்கிறது. இனி அந்தக் கறுப்பு வண்டலில் பெரும்பகுதி எத்தியோப்பியாவை விட்டே வெளியேறாது.

தார் பாலைவனத்தில் கதை இன்னும் வேகமாக நடந்தது. 1958-ல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பிற்பாடு இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து தண்ணீரை மணலுக்குள் கொண்டுபோனது. கங்காநகர், ஹனுமான்கட் மாவட்டங்களில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஆனால் பல இடங்களில் மணலுக்கு அடியில் கெட்டியான ஜிப்சம் அல்லது களிப் படுகை இருந்தது. பாய்ச்சிய தண்ணீர் அதற்குக் கீழே இறங்காமல் மேலேறியது. சில கிராமங்களில் வயல் கோரைப்புல் மண்டிய குட்டையானது, வீடு சாய்ந்தது. அங்கத்திய மக்கள் அதைச் சேம் என்கிறார்கள். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் சில நாளில் கொட்டிய பெருமழை, கவாஸ் போன்ற ஊர்களில் மாதக்கணக்கில் வடியாமல் நின்றதற்கும் அதே அடிப்படுகைதான் காரணம். பாலைவனத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள்.

சிந்து மாகாணத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 1932-ல் சுக்கூர் அணைக்கட்டு திறந்தபின் அந்த வறண்ட சமவெளி நெல்லும் கோதுமையும் விளையும் பூமியானது. கூடவே நீர்மட்டமும் உப்பும் ஏறின. உப்பு நீரைக் கடலுக்குக் கொண்டுபோக, சிந்து நதியின் இடது கரையில் ஒரு நீண்ட வடிகால் வெட்டினார்கள். அதன் கடைசிப் பகுதி 1999 புயலில் சிதைந்தது. கடலுக்குப் போக வேண்டிய நீர் போகாமல், கடல் நீர் உள்ளே வந்தது. 2003 மழையிலும் 2011 மழையிலும் பதீன் மாவட்டத்து வயல்கள் மூழ்கின. 2022 ஆகஸ்டில் சிந்துவில் வழக்கத்தைப்போல எட்டு மடங்கு மழை. ஆற்றுப் படுகை சமவெளியைவிட உயரம், கால்வாய்க் கரைகளும் ரயில் பாதை மேடுகளும் சாலைகளும் குறுக்கே. தண்ணீர் பல மாதம் நின்றது. கோதுமை விதைப்புப் பருவமும் பல இடங்களில் தவறியது. மழை பெய்தது இயற்கை. மாதக்கணக்கில் நின்றதற்குக் காரணம், ஒரு நூற்றாண்டாக வரும் வழியை மட்டும் கட்டிவிட்டுப் போகும் வழியை மறந்தது.

நம் ஊர் பாலைவனமல்ல. ஆனாலும் இதெல்லாம் நமக்கு அந்நியமும் அல்ல. பொன்னேரி, மீஞ்சூர் வயல்கள் ஆரணியாறும் கொசஸ்தலையும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாக ஓடியது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அதன் பழைய மணல் தடங்கள் மண்ணுக்கடியில் நீர்த்தொட்டியாக இருக்கின்றன. அந்தத் தொட்டியிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவில்லாமல் இறைத்ததில், 1960-களின் கடைசியிலேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் உள்ளே நுழைந்ததைக் கண்டறிந்தார்கள். பிறகு அது மேற்கே நகர்ந்துகொண்டே போனது. கிணறு உப்பாகி நெல்லை விட்டவர்கள் உண்டு. இங்கே உப்பைப் பின்னுக்குத் தள்ள வல்லது ஒன்றுதான்: கொசஸ்தலை வெள்ளம் மணலுக்குள் இறங்குவது. வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே தேங்கும் தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. அதற்குக் கீழே, எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலும் மண் நிரப்பிய தொழில் வளாகங்களும் ஆற்றின் வாயை நெருக்குகின்றன. வடிய வேண்டிய தண்ணீர் மணலிக்குள் திரும்புகிறது. மேலே இறங்க வேண்டும், கீழே வடிய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால், சிந்துவில் வந்தது இங்கேயும் வரும்.

மீஞ்சூர், சோழவரம் வட்டாரக் கிராமங்களில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு கிணற்றைக் குறித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் தை மாதத்திலும் அதன் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கலாம். அதே பலகையில் கழிமுகத்தின் அகலத்தையும் ஆழத்தையும் ஆண்டுதோறும் எழுத வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கிணற்றில் உப்பு கூடியிருக்கிறதா, ஆற்றின் வாய் சுருங்கியிருக்கிறதா என்பது கிராமசபைக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கக்கூடிய கேள்வியாக அப்போது மாறும்.